ஓர் இரட்டைக் கொம்பும் ஒரு குழித்தறியும்

1

இந்தக் கதை ஓர் அச்சுப் பிழையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நவீன நாவலைப் பற்றிய என் கட்டுரையில் 'வாசிப்பு என்பது வாசகனின் பாக்கியம்' என்று ஒரு வரி. அச்சில் அது 'வாசகனின் போக்கியம்' என்று வந்துவிட்டது. கோபத்தோடு அச்சகத்துக்குப் புறப்பட்டேன்; பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது. போக்கியம் என்றால், கடன் கொடுத்தவர் வட்டி வாங்காமல், கடன் அடையும்வரை வீட்டையே தம் கைவசம் வைத்து அனுபவிப்பது. பத்திரம் ஒருவர் பேரில். குடித்தனம் இன்னொருவர் இஷ்டம். எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதித் தோற்றதை ஓர் இரட்டைக் கொம்பு சொல்லிவிட்டது! ('பா'வுக்கு முன்னால் அந்தக் கொம்பைப் போட்டால் 'போ'. வேறு வித்தியாசம் கிடையாது.)

அச்சகத்துக்குப் போகவில்லை. வீடு திரும்பிக் கதையைத் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: 'காஞ்சி மாநகரின் கோபுரங்கள் பொன்வெயிலில் குளித்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்—'

(வேண்டாம். கோபுரங்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'தேவகி அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய—'

(அழவில்லை. ஒரு பத்தி முழுக்க அழவைத்துப் பார்த்தேன். கண்ணீர் பட்டால் பட்டில் கறை விழும் என்று எழுந்து போய்விட்டாள்.)

ஆகவே இப்படி: ஆண்டு 1968. தேவகி பட்டு நெய்கிறவள். அவள் கணவன் அர்ஜுனன் அவளை அடிப்பான். இந்த வாக்கியத்துக்கு நான் அலங்காரம் தேடவில்லை. அவனை விட்டுவிட வேண்டும் என்று அவள் எப்போதோ முடிவுசெய்துவிட்டாள். போகாததற்குக் காரணம் பாசம் என்றோ பயம் என்றோ என் சக விமரிசகர்கள் எழுதக்கூடும். காரணம் தரையில் இருந்தது. அவளுடையது குழித்தறி; நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காக வீட்டுத் தரையிலேயே குழி வெட்டி அமைத்தது.

"தறியைப் பிரிச்சு வண்டியில ஏத்திடலாம்பா," என்றாள் என்னிடம். "குழியை எதுல ஏத்தறது?"

அவள் நகைகளை விற்று வாங்கிய வீடு அது. பத்திரம் மட்டும் அர்ஜுனன் பேரில். "பொம்பளை பேர்ல பத்திரமா? உனக்கென்ன கொம்பா மொளைச்சிருக்குது?" என்று அன்றைக்கே கேட்டிருந்தான். அவனுக்குப் பிடித்த கேள்வி. அவள் ஒரு புடவை கேட்டாலும் அதுதான். ஓங்கிய கையைத் தடுத்தாலும் அதுதான்.

3

இங்கே ஒரு சந்தேகம் எழுகிறது. அர்ஜுனனை முழு அரக்கனாக எழுதலாமா? எழுத முடியவில்லை. நன்றாகச் சீட்டியடிப்பான், யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் முதல் ஆளாகப் பந்தியில் பரிமாறுவான். தெருவுக்கெல்லாம் நல்லவன். அதனாலேயே அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அவனுக்கு ஒரு டூரிங் டாக்கீஸில் பங்குதாரராகும் ஆசை வந்தது. தேவகி நெய்வது ஜரிகை வியாபாரம் செய்யும் உம்முசல்மாவுக்கு. அந்த அம்மாள் ஒருநாள் நெசவைப் பார்வையிட வந்தபோது தறிக்குப் பக்கத்திலேயே பேச்சை எடுத்தான்.

"பாயம்மா, இந்த வீட்டு மேல கொஞ்சம் பணம் குடுங்க. வட்டி நீங்க சொல்றதுதான்."

"வட்டி எங்களுக்கு ஹராம்பா. போக்கியம்னா குடுக்கறேன்."

தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் பேச்சைப் பிரித்துக் கேட்க நெய்கிறவர்களுக்குத் தெரியும். அர்ஜுனனோ தறியை விட்டு எழுந்து வெகுகாலம். அவன் காதில் விழுந்தது 'பாக்கியம்னா'. பாக்கியம், இறந்துபோன அவன் அம்மா, உம்முசல்மாவின் சிநேகிதி.

அவன் நெகிழ்ந்துபோனான். "எங்கம்மா மேல அவ்ளோ பிரியமா பாயம்மா?"

"பிரியம் இல்லாமயா?" என்றாள் உம்முசல்மா, இவன் ஏன் இதை இப்போது கேட்கிறான் என்று விளங்காமல். "அவளாட்டம் யாருப்பா வருவாங்க?"

தேவகிக்கு இரண்டு வார்த்தையும் கேட்டது. இடையிலிருந்த கொம்பும் தெரிந்தது. தறிப்பலகையை இன்னும் ஓங்கி அடித்தாள்.

(இது ஏமாற்றாகாதா என்று அறவாணர்கள் கேட்கலாம். தேவகி பொய் சொல்லவில்லை. நெய்தாள்.)

பத்திரப் பதிவின்போது முழுவதும் உரக்கப் படித்தார்கள். "போக்கியம்தானே? சம்மதமா?" என்று கேட்டவர் வாயில் வெற்றிலை. "ஆமாங்க, எங்கம்மாதான்," என்றான் அர்ஜுனன் பெருமையாக. அவனும் படித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். படித்தானே! அம்மா பேரைத் தேடிப் படித்தான், கிடைத்தது, கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

4

(இந்தப் பகுதியில் மணவாழ்வும் சொத்துரிமையும் குறித்து ஓர் ஆய்வுரை இருந்தது. "கொட்டாவி வருதுபா," என்றாள் தேவகி. நீக்கிவிட்டேன்.)

5

உம்முசல்மா கையில் பூட்டும் பத்திரமுமாக வந்தாள்.

"சாமான்லாம் எடுத்துக்கினியா தம்பி?"

"எதுக்கு பாயம்மா?"

"எதுக்கா? வீடு என் கைக்கு வரணுமே. போக்கியம் இல்லே?"

"எங்கம்மா பாக்கியம்..."

"அவ எப்பவோ போய்ச் சேர்ந்தா, பாவம். இது போக்கியம்பா! பாரு, கொம்பு போட்டு எழுதியிருக்குது."

அர்ஜுனன் பத்திரத்தை உற்றுப் பார்த்தான். பிறகு கோபத்தை வழக்கமான பக்கம் திருப்பினான். "என்னாடி சிரிப்பு? உனக்கென்ன கொம்பா—"

"எனக்கில்லய்யா. பத்திரத்துல மொளைச்சிருக்குது," என்றாள் தேவகி. "அதுவும் ரெட்டைக் கொம்பு!"

உம்முசல்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கை ஓங்கியதும் பொத்தியதை எடுத்தாள்.

"எறக்குடா கையை. என் வீட்ல நின்னுக்கினு என் குடித்தனக்காரி மேலயே கை வைப்பியா?"

"குடித்தனக்காரியா? யாரு?"

"தேவகிதான். வாடகைக்குப் பேசியாச்சு. நீ கெளம்பு."

டிரங்குப் பெட்டியோடு அவன் தெருமுனை திரும்பியதும், தேவகி தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து விக்கல் வரும்வரை சிரித்தாள். மணவாழ்வை விட்டு வெளியேறியவள் வாசற்படியைத் தாண்டவே இல்லை!

6

இங்கேயே முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் போக்கியத்துக்குக் கெடு உண்டு. பணத்தைத் திருப்பினால் வீடு அர்ஜுனனுக்கே. தேவகிக்குக் கிடைத்தது வீடல்ல, அவகாசம்.

முடிவு ஒன்று: டாக்கீஸ் கூடாரம் காற்றில் பறந்து தாமல் ஏரியில் விழுகிறது, அவன் திரும்பவே இல்லை. (எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: அவள் சேமித்து, வீட்டைத் தன் பேருக்கே கிரயம் செய்துகொள்கிறாள். (அவன் கையெழுத்துப் போட வேண்டுமே! இனி எதையும் ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் போடுவான்.)

முடிவு மூன்று: பணத்தோடு வந்து கதவைத் தட்டுகிறான். 'தேவகி எழுந்தாள். மெல்லக் கதவை நோக்கி—'

"நிறுத்துபா," என்றாள் தேவகி. "யாரைக் கேட்டு என்னை எழுந்திரிக்க வெக்கற?"

"கதை என்னுடையதம்மா."

"உன் பேர்லதான் இருக்குது, யாரு இல்லேன்னாங்க? உள்ள இருக்கறவ நான். எழுந்திரிக்கறதா, தாப்பாளை எடுக்கறதா, பணத்துக்குப் பாயம்மாகிட்ட என்னா பேசறது, அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீயும் கெளம்பு."

இப்போது பேனாவோடு தெருவில் நிற்கிறேன். பக்கத்தில் அர்ஜுனன், பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சீட்டியடிக்க மறந்து. உள்ளே தறி நிற்காமல் ஓடுகிறது. வாசகரே, நீங்கள் தட்டிப் பாருங்கள். உங்களுக்கென்றால் திறந்தாலும் திறப்பாள். உள்ளே போனால் எங்கள் இருவரையும் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள்.