டேம்பர் பூட்டிய வண்டி

இளங்கோவின் கைக்கு வருவதற்கு முன்பே அந்த மோட்டார் சைக்கிள் இரண்டு பேரிடம் இருந்தது. அவர்களில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் விடுகிறவன் என்று இளங்கோ பெருமையாகச் சொன்னான். அவன் மனைவி சுகிர்தாவுக்கு அது பெருமைப்படும் விஷயமாகத் தெரியவில்லை. ஆனாலும் கம்பளையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி பல்லேகலயில் உள்ள தையல் தொழிற்சாலைக்குப் போகிறவளுக்கு ஒரு வண்டி இருந்தால் நல்லதுதான். கண்டியில் கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்யும் அவன், அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

முதல் வாரத்திலேயே அவள் ஒன்றைக் கவனித்தாள். பேராதனைப் பக்கம் ரோடு நன்றாக இருக்கும் இடத்தில் அவன் வேகம் பிடித்துவிட்டு மெல்லக் குறைக்கும்போது ஹேண்டில் நடுங்கியது. அவன் தோள்வழியாக அந்த நடுக்கம் அவள் கைக்கு வந்தது.

"என்னங்க, வண்டி ஆடுதே."

"நீ பின்னால அசையாம இரு. பாரம் பின்னுக்குப் போனா முன்பக்கம் லேசாயிரும். அதுதான் ஆடுது."

அவள் அசையாமல் இருக்கப் பழகினாள். வளைவுகளில் அவனோடு சேர்ந்து சாய்ந்தாள். சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் நிற்கவில்லை. நண்பர்கள் வீட்டுக்கு வந்தபோது அவன், "இவ ஏறினா வண்டிக்கே பயம் வந்து நடுங்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் கொண்டுவந்த அவளும் சிரித்துவைத்தாள்.

டேம்பர் பேச்சு அந்த நண்பர்கள் மூலம்தான் வந்தது. ஹேண்டிலின் வேகமான ஆட்டத்தை அடக்குவதற்கு எண்ணெய் நிரப்பிய சிறிய குழாய் ஒன்று இருக்கிறது, ஒரு முனையை வண்டியின் சட்டத்திலும் மறுமுனையை முன் ஃபோர்க்கிலும் பூட்ட வேண்டும் என்றார்கள். பெரிய பந்தய வண்டிகளுக்குத்தான் அது, இதற்கு எதற்கு என்றான் ஒருவன். இருந்தால் நல்லதுதானே என்றான் இன்னொருவன். இளங்கோ தொலைபேசியில் தேடித் தேடி, பொன்னிறத்தில் மின்னும் ஒன்றை வரவழைத்தான்.

கம்பளையில் ரிஸ்மி நானாவின் கராஜில் அதைப் பூட்டிக்கொண்டு வந்தான். அன்று அவள் கூடப் போகவில்லை. மறுநாள் காலையில் நடுக்கம் இல்லை. பேராதனை ரோட்டில் வண்டி கயிறு பிடித்தது போல நேராக ஓடியது.

"பாத்தியா? இனி நீ எப்படி உட்கார்ந்தாலும் இது சமாளிக்கும்" என்றான்.

அப்படியானால் இத்தனை நாளும் குற்றம் தன் மேல்தானோ என்று அவளுக்கு இருந்தது.

சித்திரைக்குப் பிறகு குருநாகலில் அவளுடைய பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் புறப்பட்டார்கள். அந்தக் குழாயின் ஓரத்தில் சில நாட்களாகவே எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அன்றும் இளங்கோ அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். கலகெதரவைத் தாண்டியதும் இறக்கம். முன்னால் ஒரு லொறி. அதை முந்தும்போது ரோட்டில் பெயர்ந்திருந்த ஓர் இடத்தில் முன்சில்லு ஏறி இறங்கியது. உடனே ஹேண்டில் அடிக்கத் தொடங்கியது. முன்பு போல நடுக்கம் அல்ல. இடதும் வலதுமாக, பிடித்திருந்த அவன் கைகளையே உதறித் தள்ளுகிற அடி. காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருக அவள் அப்போதுதான் ஒரு கையைத் தூக்கியிருந்தாள். அந்தக் கை அந்தரத்தில் இருந்தது மட்டும் அவளுக்கு நினைவில் நின்றது.

இளங்கோ புல்லில் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. அவளுடைய வலது கால் வண்டிக்கு அடியில் போய், வண்டியோடு சேர்ந்து ரோட்டில் இழுபட்டது.

கண்டி ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்குத் தகடு வைத்துத் தைத்தார்கள். பிறகும் ஒருமுறை திறந்து தைக்க வேண்டியிருந்தது. நடக்கலாம், ஆனால் பழைய நடை வராது என்று டொக்டர் சொன்னார். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த அவள் தாய் அழகம்மாவிடம், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று இளங்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் என்ன செய்யட்டும் அத்தை? எறக்கத்துல பின்னால அசைஞ்சுட்டா. அப்படி ஒரு பக்கமா பாரம் போனா எந்த வண்டி தாங்கும்?"

அழகம்மா மகளின் தலையைத் தடவினாள். "ஏம்மா அசைஞ்ச?" என்று கேட்டாள்.

பார்க்க வந்த எல்லோரும் அதையே கேட்டார்கள். தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் அகீலா ஒருத்திதான் கேட்கவில்லை. மற்றவர்கள் தோடம்பழத்தைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, வண்டியில் பெண்கள் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுகிர்தா மறுக்கவில்லை. கையைத் தூக்கியது உண்மைதானே.

வீட்டுக்கு வந்து, ஊன்றுகோலோடு அடுப்படிவரை நடக்கத் தொடங்கியிருந்த நேரம். ஒரு மாலையில் ரிஸ்மி நானாவும் அவர் மனைவி அஸீமாவும் சுகம் விசாரிக்க வந்தார்கள். இளங்கோ இன்னும் கடையிலிருந்து வரவில்லை. அஸீமா கொண்டுவந்த வட்டிலப்பத்தை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். ரிஸ்மி கதிரையில் உட்கார்ந்து சிறிது நேரம் அவள் காலையே பார்த்தார்.

"நான் அன்டைக்கே செல்லிட்டன் தானே தங்கச்சி. தம்பி கேக்கல்ல."

"என்ன சொன்னீங்க நானா?"

அவர் நிமிர்ந்தார். அவளுக்குத் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து போய்விடுவார் போலிருந்தது. பிறகு சொன்னார்.

"ஹேண்டில் திரும்புற எடத்துல ஒரு பேரிங் ஈக்குது. அது தேஞ்சி பள்ளம் விழுந்து போச்சி. முன்சில்லத் தூக்கிட்டு மெல்லத் திருப்பினா நடுவுல சிக்கி நிக்குது. நான் தம்பிட கையப் புடிச்சே காட்டினன். நல்ல வண்டிக்கு இந்த டேம்பரே தேவயில்ல, இது நடுக்கத்த மறைக்கும், பழுத மாத்தாது எண்டு சென்னன். பேரிங் கொழும்புல இருந்து வரணும், ஒரு கெழமை வண்டிய விட்டுட்டுப் போங்க எண்டன். அவர் சனிக்கெழமை கூட்டாளிமாரோட நுவரெலியாவுக்குப் போக ஈந்தார். இப்ப இதப் பூட்டுங்க, பொறகு பாப்பம் எண்டார்."

"நீங்க பூட்டினீங்க."

"பூட்டினன்."

"பழுதுன்னு தெரிஞ்சே."

அஸீமா தண்ணீரோடு வந்து இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானா, நான் முந்தானையச் செருகக் கைய எடுத்தேன். அதனாலயா விழுந்துச்சு?"

"இல்ல. ஒரு கைய எடுத்ததுக்கு எந்த வண்டியும் இப்பிடி அடிக்காது" என்றார் ரிஸ்மி.

அன்று இளங்கோ வந்து முகம் கழுவும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கேட்டாள். அவன் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அவன் தன் தப்ப மறைக்கப் பாக்குறான். அவ்வளவு பழுதுன்னா வண்டியக் குடுத்திருக்கக் கூடாதுல்ல?"

"உங்க கையப் புடிச்சுக் காட்டினாராம்."

"காட்டினான். மெக்கானிக்மாரு எதைத்தான் பழுதில்லன்னு சொன்னாங்க?" துவாயைக் கொடியில் போட்டான். "அப்ப நீ அசையவே இல்லயா?"

"அம்மாகிட்ட உண்மையச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"சரி, பாப்போம்" என்றான்.

அவன் சொல்லவில்லை. அழகம்மா அடுத்த முறை மரக்கறிப் பையோடு வந்தபோது சுகிர்தாவே சொன்னாள். அழகம்மா கீரையை ஆய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மகளைப் பார்க்காமலே பேசினாள்.

"தெரிஞ்சே ஏத்திட்டுப் போனாருன்னு வச்சுக்கிட்டா, நீ எப்படி அவரோட இருப்ப? இந்தக் காலோட எங்க போவ? நீ அசைஞ்சதாவே இருக்கட்டும்மா. அதுல யாருக்கும் நட்டமில்ல."

"எனக்கு?"

அழகம்மா தண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

சில மாதங்களில் இளங்கோ வண்டியை விற்க முடிவு செய்தான். விழுந்த காயங்களுக்குப் பூச்சடித்து, புது டேம்பர் ஒன்றும் பூட்டியிருந்தான். பேரிங்கைத் தொடவில்லை. பார்க்க வந்தவன் சஞ்சயன். யாழ்ப்பாணத்துக்காரன், கண்டியில் ஒரு வங்கியில் வேலை. மனைவி தர்சிகாவையும் கூட்டி வந்திருந்தான். ஆண்கள் இருவரும் தெருமுனைவரை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். தர்சிகா வாசற்படியில் சுகிர்தாவின் அருகே உட்கார்ந்தாள்.

"கால் என்னக்கா?"

"இந்த வண்டியில விழுந்ததுதான். இதுல நீங்களும் ஏறுவீங்களா?"

"ஓம் அக்கா. நானும் இவரோடதான் வேலைக்குப் போறனான்."

வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டது. சுகிர்தா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். சஞ்சயன் வண்டியை நிறுத்தி, முன்பக்கம் கல்லு மாதிரி நிற்கிறது என்று சிரித்தபோது அவனிடமே சொன்னாள்.

"அந்தக் குழாயக் கழட்டிட்டு, முன்சில்லத் தூக்கி ஹேண்டில மெல்லத் திருப்பிப் பாருங்க தம்பி."

"சுகிர்தா, நீ உள்ள போ" என்றான் இளங்கோ.

அவள் போகவில்லை. சஞ்சயன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஸ்பேனர் வாங்கி அந்தக் குழாயைக் கழற்றினான். நடு ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்பக்கத்தைத் தர்சிகா அழுத்த, முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பியது. அவன் ஒரு விரலால் ஹேண்டிலைத் தள்ளினான். அது நடுவுக்கு வந்து சிக்கி நின்றது. மறுபடி தள்ளினான். மறுபடியும் நின்றது.

"நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம் அண்ணை" என்றான். அவர்கள் மறுபடி வரவில்லை.

இளங்கோ சத்தம் போடவில்லை. அந்த வாரம் முழுவதும் அவளோடு பேசவும் இல்லை. ஆனால் வண்டியை ரிஸ்மியிடம் கொண்டுபோய் விட்டான். கொழும்பிலிருந்து பேரிங் வந்தது. டேம்பரை எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்த ஆளின் முன்னால் இளங்கோ தெருவில் ஓட்டி, இரண்டு கைகளையும் விட்டுக் காட்டினான். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நேராகப் போனது. அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முன்பின் தெரியாத ஒருவன் வாங்குவதற்காக அவனால் அந்த ஒரு வாரம் வண்டியை விட்டுவைக்க முடிந்திருக்கிறது.

தொழிற்சாலையில் அவளை மேசை வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அகீலா தங்கியிருந்த பல்லேகல அறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருந்தது. சுகிர்தா தன் உடுப்புகளோடு அங்கே போனாள். பஸ்ஸில் நின்று வரக் கால் முடியாததால் போயிருக்கிறாள் என்று இளங்கோ எல்லோரிடமும் சொன்னான். அழகம்மாவும் அப்படியே சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பழைய ஸ்கூட்டர் ஒன்றில் வந்து வாசலில் நின்றான். மெலிந்திருந்தான். அவளுக்குப் பிடித்த, மீன் அடைத்த மாலுபான் வாங்கி வந்திருந்தான்.

"எப்ப வீட்டுக்கு வருவ?"

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

அவன் ஹெல்மட்டின் பட்டியைத் திருகிக்கொண்டு நின்றான். "நடந்தது நடந்துபோச்சு. இன்னும் எதுக்கு அதையே கிண்டுற?"

அவள் மாலுபான் பையை வாங்கிக்கொண்டாள். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, பார்த்துப் போங்க என்றாள். உள்ளே அகீலா சோற்றுக்கு அரிசி போடவா என்று கேட்டாள். "ரெண்டு பேருக்குப் போடு" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே போனாள்.