நெரேய்தாவின் கடை இருந்த வளைவு

தீவைப் புரட்டிப் போட்ட புயல் ஓய்ந்த ஆறாவது வாரம், ஊர் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு டான் ஹெனாரோவை உட்கார வைத்தார்கள். கடை இழந்தவர்களுக்கு, வாஷிங்டன் அரசாங்கம் தரும் பேரிடர்க் கடனுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை. நீலச் சட்டை ஒன்றும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். மின்சாரம் இன்னும் வராததால் சட்டையை மெத்தைக்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்து உடுத்தி வந்தார். முப்பது வருஷம் மேயர்களுக்குத் திறப்புவிழாப் பேச்சு எழுதி, பெயருக்கு முன்னால் 'டான்' என்ற மரியாதையைச் சம்பாதித்தவர். ஒரு பேருந்து நிழற்குடைக்கே பதினோரு பக்கம் எழுதியவர். அவர் கையில் சிக்கிய படிவம் படிவமாகவே இருந்துவிடுமா?

மூன்றாம் நாள் நெரேய்தா வந்தாள். மலைச்சாலையில் பலகாரக் கடை வைத்திருந்தவள். பச்சை வாழைக்காயை அரைத்து, உள்ளே கறி வைத்து அவள் பொரிக்கும் அல்கபுர்ரியாவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கூரையையும் அடுப்பையும் புயல் பள்ளத்தாக்கில் கொட்டிவிட்டது. கடன் வந்தால் கிறிஸ்துமஸுக்குள் கடை எழும்பும். வராவிட்டால் கடல் தாண்டி ஆர்லாண்டோவில் மகள் வீட்டோடு போய் ஒதுங்க வேண்டியதுதான்.

'பலகாரக் கடை' என்று எழுத டான் ஹெனாரோவுக்குக் கை கூசியது. 'மலைநாட்டு உணவுக்கலை நிலையம்' என்று எழுதினார். நெரேய்தா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அடுத்தது முகவரி.

"மலை ரோட்டுல எட்டாவது கிலோமீட்டர். சபைக் கோயில் தாண்டி, மாமரம் இருந்த வளைவு."

"இருந்த வளைவா? இப்ப இல்லையா?"

"அது போன புயலுக்கு முந்தின புயல்லயே சாஞ்சிருச்சு, டான் ஹெனாரோ. ஆனா எல்லாருக்கும் தெரியும்."

"வாஷிங்டன்காரனுக்குத் தெரியுமாம்மா? இல்லாத மரத்தையெல்லாம் எழுதினா நம்மள என்னன்னு நெனப்பான்?"

'பிரதான நிழற்சாலை, எண் 1' என்று எழுதினார். அந்த மலையில் நிழற்சாலையும் கிடையாது, எண்ணும் கிடையாது. வாசிக்க மட்டும் கம்பீரமாக இருந்தது. அவரை நம்பி நெரேய்தா கையெழுத்துப் போட்டாள்.

சேதத்தைப் பார்வையிட டெக்சாஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கைபேசிக் கோபுரம் விழுந்து கிடந்ததால் யாரையும் அழைக்க வழியில்லை. சதுக்கத்தை மூன்று முறை சுற்றினார். உணவுக்கலை நிலையம் எங்கே, நிழற்சாலை எங்கே என்று கேட்டார். அப்படி எதுவும் இங்கே இல்லை என்று ஊரார் உள்ளதைச் சொன்னார்கள். நெரேய்தா கடை என்று கேட்டிருந்தால் நாய்கூட வழி காட்டியிருக்கும். அவளோ இரவல் வாங்கிய அடுப்பில் அவருக்கென்று ஒரு டஜன் பொரித்து வைத்துக்கொண்டு வளைவிலேயே காத்திருந்தாள்.

பத்து நாளில் ஆங்கிலக் கடிதம் வந்தது. படித்துச் சொல்லும்படி டான் ஹெனாரோவிடம் நீட்டினாள். சொன்ன முகவரியில் கடை எதுவும் இல்லை. முகவரியைத் திருத்தி முப்பது நாளுக்குள் மறுபடி அனுப்பலாம் என்று இருந்தது. அவர் முதல் வரியை மட்டும், கடன் கிடையாது என்பதை மட்டும், சொன்னார்.

"அப்ப அந்த மனுசன் வரவே இல்லையா?"

"வந்தாராம். கடையைப் பாக்க முடியலன்னு எழுதியிருக்காரு."

"நடுவுல ஊத்துக்குத் தண்ணி எடுக்கப் போனேன். அந்த நேரத்துலதான் வந்திருப்பாரு. என் தப்புதான்."

டான் ஹெனாரோ கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டார். "இருக்கலாம்" என்றார்.

பாவம், இவ்வளவு பாடுபட்டு எழுதினீங்களே என்று அவருக்கு ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பது நாள் இருந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடத்தான் நினைத்தார். ஆனால் மனதுக்குள் எழுதிப் பார்த்தபோதெல்லாம் அந்த மன்னிப்புக்கு ஒரு முன்னுரை முளைத்தது. புயலின் கொடுமை, அரசாங்கத்தின் அலட்சியம் எல்லாம் வந்து சேர்ந்தன. 'நான்தான்' என்ற சொல் மட்டும் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் திருத்திய படிவத்தோடு மலையேறினார். வளைவில் நான்கு கம்பங்கள் மட்டும் நின்றன. ஞாயிற்றுக்கிழமை விமானத்திலேயே அவள் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மறுவாரம் பஞ்சர் கடை ஹசிந்தோ மேசை முன்னால் வந்து உட்கார்ந்தான். கடை எங்கே என்று கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. நெரேய்தா கடை இருந்த வளைவுக்கு ரெண்டு வீடு தள்ளி."

டான் ஹெனாரோ பேனாவைத் திறந்தார். அவன் சொன்னதை அப்படியே எழுதினார். 'இருந்த' என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.