நாத்தனார் எழுப்பிய மடிக்கணினி

சனிக்கிழமை காலையிலிருந்து புது இயங்குதளத்தை நான்கு முறை ஏற்றியாகிவிட்டது. நான்கு முறையும் "நிறுவல் முடிந்தது" என்று நல்ல பிள்ளைபோல் சொன்ன அந்தப் புது மடிக்கணினி, அணைத்துப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரே வரியைக் காட்டியது: தொடங்குவதற்கான வட்டு எதுவும் இல்லை.

அதன் சொந்தக்காரி பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் காதுகளைச் சோதிப்பவள். பழைய கணினியைத் தூக்கித் தூக்கியே தோள்பட்டை போய்விட்டதால்தான், நோட்டுப் புத்தகம் அளவே இருந்த இதை வாங்கினாள். ஆனால் சோதனை மென்பொருள் இதோடு வந்த இயங்குதளத்தில் ஓடாது. இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றைப் பென் டிரைவில் இறக்கி ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை அறுபது பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

"நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் நமக்கு வேணாம்னு," என்றார் கணவர். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவருடைய 'அப்பவே சொன்னேன்'களுக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. "பேசாம நம்ம லிஃப்ட்டைக் கூப்பிடலாமா?"

லிஃப்ட் என்பது அவருடைய தங்கை. மின்தூக்கி பழுது பார்ப்பவள். தொழிலே வீட்டில் பெயராகிவிட்டது.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவளுக்கு இதுல என்னங்க தெரியும்?"

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. பத்து வருடமாக 'நல்லா இருக்கீங்களா', 'சாப்பிட்டியா' என்ற அளவில் நின்றுபோன உறவு, அவ்வளவுதான்.

அண்ணன் கூப்பிட்டதால், மூன்று மணிக்கு நாத்தனார் சீருடையோடு வேலையிலிருந்து நேராக வந்தாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேசை முன் உட்கார்ந்தாள். கணினியைத் தொடவில்லை.

"எனக்குக் கம்ப்யூட்டர் பெருசா தெரியாது அண்ணி. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. கண்ணால பார்த்தது மட்டும்."

"இந்தச் சனியன் கெட்டுப்போச்சு."

"அது நீங்க நினைக்கிறது."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலிலிருந்து சொன்னாள். நாத்தனார் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். "நாலாவது தடவை கோவத்துல கைக்கு வந்ததெல்லாம் மாத்திட்டேன்," என்று அண்ணி ஒத்துக்கொண்டபோது, அவள் ஒரு 'உச்' கூடக் கொட்டவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

"புது மிஷின்ல ஒரு பாதுகாப்புப் பூட்டு இருக்கும். அதுதான் தடுக்குதோ என்னவோ." நாத்தனார் கணினியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் அதை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினாள். அதே கறுப்பு, அதே வரி.

"என் யோசனை தப்பு," என்றாள். தண்ணீர் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாக. திரும்ப உள்ளே போய்ப் பூட்டை இருந்த மாதிரியே வைத்தாள். "உதவாத மாத்தத்தை விட்டுவெச்சா அடுத்தது குழப்பிடும்."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி நோகாமல் 'தப்பு' என்று சொல்கிற ஒருத்தி, இதே வீட்டில் பிறந்து வளர்ந்தவளா?

"பென் டிரைவைச் சொருகினா எழுந்திருக்குதுல்ல?"

"அதெல்லாம் எழுந்திருக்குது."

"அப்போ மிஷினுக்கு எழுந்திருக்கத் தெரியும். ஒரே கட்டடத்துல ரெண்டு லிஃப்ட் இருந்து ஒண்ணு நின்னுபோச்சுன்னா, நான் முதல்ல ஓடுறதைத்தான் திறந்து பார்ப்பேன்."

பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்கினாள். அதற்குள் இருப்பதை இடப்பக்கமும், வட்டின் தொடக்கப் பகுதியில் இருப்பதை வலப்பக்கமும் திறந்து வைத்தாள். இருவரும் தலையோடு தலை ஒட்டி வரிவரியாகப் பார்த்தார்கள். அண்ணியின் விரல்தான் முதலில் நின்றது.

"இங்க 'பூட்'னு இங்கிலீஷ்ல ஒரு ஃபோல்டர் இருக்கு. அங்க இல்லையே!"

"சபாஷ் அண்ணி! அங்க வேற பேர்ல ஒண்ணு இருக்கு பாருங்க. வரவேண்டிய ஆள் உள்ளேதான் உட்கார்ந்திருக்காரு. இந்த மிஷின் வாசல்ல நின்னு 'பூட்'னு வேற பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டிருக்கு."

வட்டில் 'பூட்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, மற்றதில் இருந்த கோப்புகளை அதில் பிரதியெடுத்தாள். முதலில் ஓடவேண்டிய கோப்புக்கு மட்டும், பென் டிரைவில் இருந்த பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்தாள். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு, "நீங்களே அமுத்துங்க," என்றாள்.

கறுப்பு. இன்னும் கறுப்பு. பிறகு நீலமாக வரவேற்புத் திரை விரிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, லிஃப்ட்டைக் கூப்பிடலாம்னு!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. இந்த முறை அது உண்மைதான்.

சோதனை மென்பொருளை ஏற்றியதும், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு காது தேவைப்பட்டது. மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, நாத்தனாருக்கு ஹெட்ஃபோன் மாட்டி, சுவரைப் பார்க்க உட்காரவைத்தாள் அண்ணி. "சத்தம் கேட்டா கையைத் தூக்கு. ரொம்ப லேசா கேட்டாலும் தூக்கு."

வலது காதுக்குக் கை டக் டக்கென்று எழுந்தது. இடது காதில், சுருதி ஏற ஏறக் கை தாமதித்தது. பிறகு எழவே இல்லை. அண்ணி அவசரப்படவில்லை. ஹெட்ஃபோனை மட்டும் இடம் வலமாக மாற்றிப் போட்டு முதலிலிருந்து சோதித்தாள். மறுபடியும் அதே இடது காது.

"மிஷின் சரியா இருக்கு," என்றாள் மெல்ல.

நாத்தனார் திரும்பினாள். "அப்போ பழுது என்கிட்டயா?"

"இடது காதுல, கீச்சுன்னு வர்ற சத்தங்கள் மட்டும். லிஃப்ட் மோட்டார் ரூம்ல எத்தனை வருஷமா நிக்கிற?"

"பன்னிரண்டு."

"காதை மூடிக்க ஒண்ணும் போடறதில்லையா?"

"சத்தத்தைக் கேட்டுத்தானே அண்ணி பழுதையே கண்டுபிடிக்கிறேன்?"

"கண்டுபிடிக்கிற வரைக்கும் கேளு. கழட்டி மாட்டுற நேரமெல்லாம் மூடிக்கலாமே."

நாத்தனார் யோசித்தாள். "அது நியாயம். போனது திரும்ப வருமா?"

"பெரும்பாலும் வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். காது டாக்டர் ஒருத்தர் இருக்கார், அவரும் பார்த்துடட்டும். நான் எழுதித் தரேன்."

நாத்தனார் திரையில் சோதனை முடிவாக விழுந்திருந்த கோட்டுப் படத்தைக் காட்டச் சொன்னாள். எங்கே கோடு இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "இவ்வளவு நுணுக்கமான வேலையா பண்றீங்க?" என்றாள். "பிள்ளைங்க காதுல மிஷினை மாட்டி எடுத்துடுவீங்கன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

"நீ மட்டும் என்ன, பொத்தானை அமுத்துறவள்னுதானே நானும் நினைச்சேன்."

திங்கட்கிழமை அறுபது பிள்ளைகளுக்கும் மடிக்கணினி முரண்டு பிடிக்காமல் ஓடியது. சாயங்காலம் நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டாள். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டாளாம். காதை மூட இரண்டு வகை விற்கிறதாம், எதை வாங்குவது என்று கேட்டாள். அண்ணி நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல உன் மோட்டார் ரூம் எப்படியிருக்கும்னு சொல்லு," என்றாள்.