தியஞ்சானேயின் எடை

இறந்த பிறகான நான்கு மாதத்தில் தியஞ்சானே எண்ணூறு கிராம் எடை கூடியிருந்தாள். அது ஜூன் மாதம், அறுவடை முடிந்து வீடுகளில் மக்காச்சோளம் இருந்த காலம். சிம்வேண்டே பள்ளிக்கூட மருத்துவமனையில் அன்று எடை போட்ட நாற்பத்தோரு பிள்ளைகளும் கொஞ்சமோ அதிகமோ கூடியிருந்தார்கள், அவளும் கூடியிருந்தாள். செவிலி எனெலெஸ் பிள்ளையின் குறிப்பேட்டில் ஒன்பது கிலோ எண்ணூறு என்று எழுதி, அதிலிருந்த வளர்ச்சி வளைகோட்டில் புள்ளி வைத்து, தாய் மலிதாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மருத்துவமனை என்று பெயரே தவிர, இரண்டு அறைதான். பள்ளிக்கூடத்தின் பழைய கிடங்கைத் தலைமையாசிரியர் கவேத்தா காலி செய்து கொடுத்தார். கடல் தாண்டிய ஏதோ ஒரு ஊரின் தர்மசபை தகரக் கூரையும் மருந்தும் செவிலியையும் அனுப்பியது. அரசாங்க ஆஸ்பத்திரி ஷிரே ஆற்றுக்கு அக்கரையில், நடந்தால் ஐந்து மணி நேரம். ஆகவே பள்ளியின் அறுநூறு பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கும் தாய்மாருக்கும் எனெலெஸ் ஒருத்திதான். பிரசவம் பார்ப்பதும் பல் பிடுங்குவதும் சொறிக்கு மருந்து தடவுவதும் அவள்தான். செவ்வாய்க்கிழமைகளில் மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை எடை போடுவாள். காற்சட்டைபோல் தைத்த துணியில் பிள்ளையை நுழைத்துக் கொக்கியில் மாட்டினால் முள் நகரும்.

அந்தப் பிப்ரவரியில் ஆறு பெருகிச் சாலை போய்விட்டது. பிளான்டயர் நகரத்திலிருந்து வர வேண்டிய மருந்து வண்டி பதினாறு நாள் வழியிலேயே நின்றது. மலேரியா நிற்கவில்லை. மூளைக்கு ஏறிவிட்ட காய்ச்சலுக்குப் போடும் ஊசிமருந்து ஒரு பிள்ளைக்கு மட்டுமே காணும் என்ற நிலையில், ஒரு வியாழக்கிழமை காலை இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். மலிதா தன் இரண்டு வயது மகள் தியஞ்சானேயை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். கால் மணி நேரம் கழித்துக் கவேத்தா தன் ஆறு வயது மகன் ஃபானிசோவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எனெலெஸ் இருவர் கண்ணிமையையும் விலக்கிப் பார்த்தாள். மருந்து ஃபானிசோவுக்குப் போயிற்று. பெரியவன், தாங்குவான், பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று அவள் காரணம் சொன்னாள். மதியத்துக்கு முன் தியஞ்சானே இறந்தாள். ஃபானிசோ சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்து களி கேட்டான்.

அடக்கம் முடிந்த இரண்டாவது செவ்வாய், மலிதா குறிப்பேட்டோடு வரிசையில் நின்றாள். முதுகில் துணி கட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. முறை வந்ததும் அவள் முதுகுத்துணியை அவிழ்த்து, இரண்டு கையாலும் எதையோ தூக்கி, எடைத் துணிக்குள் இறக்கி, கொக்கியில் மாட்டினாள். முள் ஒன்பதில் போய் நின்றது.

“தராசு கெட்டுப்போச்சு சிஸ்டர்,” என்றாள் முன்னால் எடை போட்டுவிட்டு நின்றிருந்த தொலோஃபினா. “என் பய எடை குறைஞ்சிருக்கான்னு சொன்னப்பவே நெனச்சேன். தின்னே வீட்ட அழிக்கிறான், அவன் எங்க குறையப் போறான்?”

எனெலெஸ் வெறும் துணியை மாட்டினாள். முள் பூஜ்யத்துக்கு வந்தது. இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை மாட்டினாள், இரண்டு காட்டியது. மலிதா மறுபடி கைகளால் இறக்கினாள், ஒன்பது.

“எழுதுங்க சிஸ்டர்,” என்றாள் மலிதா. “பின்னால ஆள் நிக்குது.”

எனெலெஸ் எழுதினாள். அப்படித்தான் அது வழக்கமாயிற்று. ஊர்ப் பாதிரியாரிடம் கேட்டபோது, ஆன்மாதான் தன் பொறுப்பு, எடை மருத்துவமனையின் விஷயம் என்று சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலவே தியஞ்சானேயும் இருநூறு முந்நூறு கிராம் இறங்குவாள், அறுவடைக்குப் பின் ஏறுவாள். நான்கு வயது முடிந்தபோது பதினான்கு கிலோ இருந்தாள். அவளுடைய வயதில் அது நல்ல எடை என்று எனெலெஸ் சொன்னாள். மலிதா அன்று சிரித்ததைப் பலர் பார்த்தார்கள்.

மூன்றாம் ஆண்டு வெள்ளம் விதையை அடித்துக்கொண்டு போனது. இரண்டாவது விதைத்ததை வெயில் தின்றது. நவம்பரில் பெண்கள் ஆற்றில் இறங்கி அல்லிக் கிழங்கு தோண்டினார்கள். இரண்டு பேரை முதலை இழுத்துக்கொண்டு போனது, மற்றவர்கள் மறுநாளும் இறங்கினார்கள். வகுப்பில் பிள்ளைகள் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கச் சோம்பினார்கள்; பிறகு கவேத்தா உட்கார்ந்தபடியே பதில் சொல்லலாம் என்று அறிவித்தார். தர்மசபை சோயா கலந்த மாவு அனுப்பியது. வளைகோட்டில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போன பிள்ளைகளுக்கு மட்டும் வாரம் ஒரு பொட்டலம் என்று விதி. தியஞ்சானே நவம்பரில் பன்னிரண்டு கிலோ இருந்தாள். டிசம்பர் முதல் வாரம் பதினொன்றுக்கு வந்து, கோட்டுக்குக் கீழே விழுந்தாள்.

“மாவு குடுங்க சிஸ்டர்,” என்றாள் மலிதா.

“தியஞ்சானே அம்மா, எடை போடச் சொன்ன, போட்டேன். எழுதச் சொன்ன, எழுதினேன். மாவு எப்படித் தர்றது? உசுரோட இருக்கிற பிள்ளைங்களுக்கே பத்தல.”

“அவ போய்ச் சேர்ந்துட்டா,” என்றாள் தொலோஃபினா. அவள் மகனுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் பழைய வாயாடியாக இல்லை. “அவளுக்கு இனிமே என்ன வந்துடும், சொல்லு.”

“அப்ப எதுக்குக் குறையுது?”

எனெலெஸ் அடுத்த பிள்ளையைக் கொக்கியில் மாட்டினாள். மலிதா வெறுங்கையோடு போனாள். அடுத்த செவ்வாய் பத்தரை. அதற்கடுத்த செவ்வாய் பத்துக்கும் கீழே. எனெலெஸ் பேனாவை எடுத்தாள், எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி பேசினாள்.

“அன்னைக்கு நான் சொன்னது பொய். அவன் பெரியவன்னு மருந்து போடல, சாரோட மகன்னு போட்டேன். சார் மனசு மாறினா இந்த ரெண்டு ரூமும் போயிடும்னு பயம். உன் பிள்ளதான் முதல்ல வந்தா.”

கவேத்தா பள்ளித் தாழ்வாரத்தில்தான் நின்றிருந்தார். அவர் உள்ளேயும் போகவில்லை, மரத்தடிக்கும் வரவில்லை.

“தெரியும்,” என்றாள் மலிதா. “மாவக் குடுங்க.”

எனெலெஸ் கொடுத்தாள், பட்டியலில் தியஞ்சானேயின் பெயரையும் இறந்த தேதியையும் மறைக்காமல் எழுதினாள். மலிதா கஞ்சி காய்ச்சிப் பாயில் மூடி வைத்தாள், கிண்ணம் காலியாயிற்று. நாய், கோழி என்று சந்தேகப்பட வழியில்லை. நாய்கள் முன்பே செத்திருந்தன. கோழிகளை ஊரார் தின்று முடித்திருந்தார்கள். மூன்று வாரத்தில் தியஞ்சானே அறுநூறு கிராம் ஏறினாள்.

ஜனவரியில் தர்மசபையின் மேற்பார்வையாளர் படகில் வந்தார். நல்ல மனிதர், வந்த உடனே தன் கைப்பையிலிருந்த பிஸ்கட்டுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார்.

“இந்தப் பெயருக்கு நேரே இறந்த தேதி இருக்கே?”

“இருக்கு சார்,” என்றாள் எனெலெஸ்.

“அப்ப மாவை யார் சாப்பிட்டாங்க?”

“அவதான் சார்.”

அவர் எதிரிலேயே மலிதா எடை போட்டுக் காட்டினாள். அவர் முள்ளை வெகுநேரம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பின்பு ஊருக்குப் போய், தராசு பழுது, மாவு முறைகேடாகப் போகிறது என்று அறிக்கை எழுதினார். இரண்டு வாரத்தில் புதுத் தராசு வந்தது. மாவு வரவில்லை. புதுத் தராசிலும் தியஞ்சானே பத்துக் கிலோ முந்நூறு இருந்தாள்.

அடுத்த அறுவடைக்குள் சிம்வேண்டேயில் பதினோரு பிள்ளைகள் இறந்தார்கள். நான்காவதாகப் போனவன் தொலோஃபினாவின் மகன். அவனைப் புதைத்துவிட்டு வந்து மலிதாவின் வாசலில் நின்று, “உன் மவளுக்குப் போட்ட மாவுல என் மவன் போயிட்டான்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த செவ்வாய் தொலோஃபினா காலி முதுகுத்துணியோடு வரிசைக்கு வந்தாள். எடைத் துணிக்குள் எப்படி இறக்குவது என்று தெரியாமல் அவள் கைகள் தடுமாறியபோது, மலிதா பக்கத்தில் போய் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பதினோரு கிலோ நூறு. ஈஸ்டருக்குள் மற்றத் தாய்மாரும் வந்துவிட்டார்கள். அத்தனை சாவுக்குப் பிறகும் செவ்வாய்க்கிழமை வரிசையில் ஒரு தலைகூடக் குறையவில்லை. தர்மசபை எனெலெஸைத் திரும்ப அழைத்துக் கடிதம் போட்டது. அவள் பள்ளிக்குப் பின்னால் கால் காணி நிலத்தில் சோளம் போட்டு, இங்கேயே இருந்துவிட்டாள். மருந்து கிடைக்கும்போது கொடுக்கிறாள். கிடைக்காதபோது யார் முதலில் வந்தார்களோ அவர்கள் பெயரைச் சத்தமாகச் சொல்கிறாள்.

தியஞ்சானேக்கு ஆறு வயதான ஆண்டு செப்டம்பரில், கவேத்தா மருத்துவமனைக்கு வந்து அவளுடைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். பள்ளிச் சேர்க்கைக்கு எழுத வேண்டிய விவரங்களை எழுதிக்கொண்டு, மலிதாவிடம் திங்கட்கிழமை எட்டு மணிக்கு அனுப்பச் சொன்னார். முதல் வகுப்பில் நூற்றுப்பதினான்கு பேர், தரையில்தான் உட்காருகிறார்கள். காலையில் கவேத்தாவே வந்து பெயர் வாசிக்கிறார். தியஞ்சானே என்றதும் சற்று நிறுத்தி, வந்திருப்பதாகக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். முதல் மாதம் ஒருத்தி மட்டும் எழுந்து புகார் சொன்னாள்.

“சார், தியஞ்சானே தள்ளி உக்கார மாட்டேங்குறா.”

கவேத்தா தலை நிமிராமல், “நீ ஜன்னல் பக்கம் நகரு,” என்றார். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.