மதகுக்காரரின் முழங்கால்

கால் முறிந்து நான் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போயும் போயும் பிலவேந்திரனைக் கொண்டுவந்து அடுத்த கட்டிலில் போட்டார்கள். கம்பம் ஊருக்குக் கீழே எங்கள் கால்வாய் மதகைத் திறந்து மூடுகிறவர். நான் கடைமடை விவசாயி. என் வயல் காய்வதே இவரால்தான்.

அவருக்கு முழங்காலில் புது மூட்டு வைத்திருந்தார்கள். உள்ளே ரத்தம் தேங்காமல் வடிவதற்கு ஒரு குழாய், அதன் நுனியில் பாட்டில், நடுவே ஒரு கிளிப்பு. மயக்கம் தெளிந்ததும் மனிதர் செய்த முதல் வேலை, அந்தக் கிளிப்பை அழுத்திக் குழாயை அடைத்ததுதான்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். பாட்டில் காலி. முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"யாரு இதை மூடினது?"

"நான்தான் சார். ஆபீசர் எழுதிக் குடுத்தாகன்னாத்தான் தொறப்பேன்."

"அது உங்க ரத்தம்யா!"

"யாருதா இருந்தா என்ன சார்? இருபத்தெட்டு வருச சர்வீசுல உத்தரவில்லாம ஒரு சொட்டு விட்டதில்ல."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, மருந்துச் சீட்டில் 'குழாயைத் திறக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிலவேந்திரன் அதை இரண்டு முறை படித்தார். தேதி விட்டுப்போயிருந்ததைச் சொல்லிப் போடவைத்தார். பிறகுதான் திறந்தார். ரத்தம் விறுவிறுவென்று பாட்டிலில் இறங்கியது.

எனக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் கேட்டு எட்டு வருஷமாக எத்தனை மனு, எத்தனை கும்பிடு! கட்டுப்போட்ட காலோடு எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டரய்யா, அதே மாதிரி எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. அங்கன நாத்து கருகுது."