சிரித்தால் விளையாட்டு

படம் நடுவில் சிக்கிக்கொண்டு நின்றது. கணினி இப்படி அடம்பிடிப்பது புதிதில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அது மனம் மாறும்வரை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். திரையில் ஒரு பள்ளி மைதானம், மதிய இடைவேளை. தண்ணீர்க் குழாய்களின் பக்கத்தில் அவள் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்த சிறுமி நிற்கிறாள். கொஞ்சம் தள்ளி, உயரமான பையன் ஒருவன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான். இன்னும் சற்று நேரத்தில் அவன் வந்து சுண்டெலியின் பிடரியைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் அழுத்துவான், தண்ணீர் தலையில் கொட்டும், எல்லாரும் சிரிப்பார்கள், சுண்டெலியும் சிரிப்பாள் என்று அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே பார்த்து 'விளையாட்டு' என்று குறித்தாகிவிட்டது. இது சரிபார்ப்புக்கான இரண்டாம் சுற்று. ஆனால் நின்றுபோன அந்தப் படத்தில், பையன் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதபோதே, சுண்டெலி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் எப்படி அடித்துக்கொள்கிறார்கள், எப்படி மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள், வளர வளர அது என்னவாகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி பேராசிரியையுடையது, கண் மட்டும் இவளுடையது. பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளத்தில், சன்னலே இல்லாத ஓர் அறையில், நாளெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பள்ளி மைதானங்களைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைமேல் கை வைத்தால் நிறுத்த வேண்டும். விசைப்பலகையில் ஒன்றைத் தட்டினால் விளையாட்டு, இரண்டைத் தட்டினால் தாக்குதல். ஊரான் வீட்டுப் பிள்ளைகள் சண்டை போடுவதை வேடிக்கை பார்க்க ஒரு சம்பளமா என்று அவளுடைய நாத்தனார் வாய்விட்டே கேட்டிருக்கிறாள். படத்தில் பிள்ளைகள் எண் போட்ட மேல்சட்டை அணிந்திருப்பார்கள், பெயர் கிடையாது. எண் மனதில் நிற்காது என்பதால் இவளும், எதிர் மேசையில் இதே வேலை பார்க்கும் தாடி என்ற இளைஞனும் சேர்ந்து எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பேராசிரியைக்குத் தெரிந்தால் திட்டு விழும். சுண்டெலி எப்போதும் சுவரோரமாகவே ஓடுவாள்.

விளையாட்டுச் சண்டையையும் நிஜச் சண்டையையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று கையேட்டில் ஓர் அத்தியாயமே உண்டு. அதை முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாத தாடி, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை இரண்டே சொல்லில் சுருக்கிவிட்டான்: சிரித்தால் விளையாட்டு. மோசமான விதி என்று சொல்லிவிட முடியாது. மண்ணில் கட்டிப் புரண்டு, சட்டைப் பித்தான் தெறித்து, அடுத்த நிமிடம் தோள்மேல் கை போட்டுக்கொண்டு போகும் பையன்களை அவள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டாள். அவர்கள் முகத்தில் சிரிப்பு இருக்கும். அவளும் தாடியும் ஒரே படத்தைத் தனித்தனியாகப் பார்த்துக் குறிப்பார்கள், பிறகு ஒப்பிடுவார்கள். இருவரும் ஒத்துப்போனால் குறிப்பு சரி. பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கண் என்று பேராசிரியை ஒரு கூட்டத்தில் பாராட்டியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

படம் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் ஓடவிடாமல் நிறுத்தி, நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். சிரிப்பு முதலில் வந்தது. பையன் பிறகு வந்தான். தண்ணீர் அதற்கும் பிறகுதான். பழைய படங்களைத் தேடி எடுத்தாள். சறுக்குமரம், மாடிப்படி, சைக்கிள் நிறுத்தும் இடம். எங்கேயும் அதே கதை. உயரமானவன் தூரத்தில் தெரிந்த உடனே சுண்டெலியின் உதடு விரிந்துவிடுகிறது. விளையாட்டில் சிரிக்கிற பிள்ளைக்கு அப்படி வராது, இழுபறி தொடங்கியபின் மூச்சிரைப்போடு சேர்ந்து வரும். இது முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்ட சிரிப்பு. எல்லாவற்றையும் அவள் விளையாட்டு என்றே குறித்திருந்தாள். தாடியும் அப்படியே. இரண்டு பேரும் ஒரே மாதிரித் தப்பு செய்தால் இங்கே அதற்கு நூற்றுக்கு நூறு.

தாடியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். தாடியைச் சொறிந்தான். கண்ணில் லேசாக நீர் கட்டிவிட்டது, நல்ல பையன். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, இது போன வருஷத்துப் படம்."

அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் யாரோ சொல்லிக் கேட்டபோதுதான் உறைத்தது. சுண்டெலி இப்போது வேறு வகுப்பில் இருப்பாள், ஓர் அங்குலம் வளர்ந்திருப்பாள். இந்தத் தண்ணீர் எப்போதோ கொட்டி, தலை காய்ந்து, வருஷமும் திரும்பிவிட்டது.

பேராசிரியை கெட்டவர் இல்லை. அவள் கொண்டுபோய்க் காட்டிய எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டிக்கொள்ளாமலே உட்கார்ந்திருந்தார். கையேட்டை இப்போது மாற்றினால் இதுவரை குறித்ததெல்லாம் குப்பைக்குப் போகும், அடுத்த ஆராய்ச்சியில் கட்டாயம் இதைச் சேர்க்கலாம் என்றார். எந்தப் பிள்ளை என்று வெளியே தெரியவராது எனப் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். காயம்பட்டால் மட்டும் பள்ளிக்குச் சொல்லலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. பூசி மெழுகுகிறாரோ என்று அவளுக்குக் கோபம் வந்தது. அதற்குள் அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரத்தம் வந்தா சொல்லலாம்மா. சிரிப்பு வந்தா என்னன்னு சொல்றது? அந்த மைதானத்துல ஒரு வாத்தியாரும் நின்னுட்டுதான் இருந்தாரு. அவரும் பாத்திருப்பாரு."

அன்று பேருந்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, அதுவும் சன்னலோரம். கிடைத்த சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியவில்லை. யாருடைய பிள்ளையோ, எங்கேயோ இருக்கிறது, நமக்கேன் வயிறு எரிகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

வீட்டில் மகன் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பதினொரு வயது, ஊதினால் பறந்துவிடுவான். அதனாலேயே அவனுடைய அப்பா அவனைப் பயில்வான் என்று கூப்பிடுவார். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கை இரும்பு, வாய் கரும்பு என்று குடியிருப்பில் எல்லாரும் சொல்வார்கள். யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்பார். மகன் மேல் ஒருநாளும் கோபத்தில் கை நீட்டியதில்லை. காய்ச்சல் வந்தால் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு குஸ்தி உண்டு, அவ்வளவுதான். மகனின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரல் முட்டியால் உச்சந்தலையில் தேய்ப்பார். கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, தோற்றேன் என்று சொல்லும்வரை விடமாட்டார். மூன்று பேரும் சிரிப்பார்கள். அவள் அடுக்களை வாசலில் நின்றபடி, கரண்டியும் கையுமாகச் சிரிப்பாள். ஒரு நாளில் அவளுக்குப் பிடித்த நேரங்களில் அதுவும் ஒன்று.

பூட்டில் சாவி திரும்பியது. அவர் உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் நிமிரவில்லை. மகன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்காமலே, ஒரு கூட்டலின் நடுவில், அவன் சிரிக்கத் தொடங்கினான்.



சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது கணவரிடம் பேச்செடுத்தாள். சுற்றி வளைத்து, சுண்டெலியில் ஆரம்பித்து, குழாய், சறுக்குமரம் எல்லாம் சொல்லி, மெல்ல வீட்டுக்கு வந்தாள். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அலுவலகத்தில் பார்க்கிற படம் போதாதென்று வீட்டிலேயும் ஆரம்பித்துவிட்டாயா என்றார். அவள் முகம் மாறாததைக் கண்டு, இதில் ரகசியம் என்ன இருக்கிறது, அவனையே கேட்டுவிடலாம் என்று மகனைக் கூப்பிட்டார்.

"டேய் பயில்வான், நான் உன்ன அடிக்கிறேனாடா?"

"இல்லப்பா. விளையாட்டு."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவர் இரண்டு கைகளையும் விரித்து அவளிடம் காட்டினார், வழக்கு முடிந்தது என்கிற மாதிரி. மகன் போனபிறகு துண்டை எடுத்து அவள் கழுவிய தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். அவருக்கு மனசு கஷ்டமாக இருக்கும்போதுதான் அப்படிச் செய்வார்.

"எங்கப்பா என்னைப் பெல்ட்டாலதான் தொட்டிருக்காரு. விளையாடணும்னு ஒருநாளும் தொட்டதில்ல. நான் எம் புள்ளகூட விளையாடுறேன். அதுவும் தப்பா?"

தப்பு என்று சொன்னால் அந்த மனிதரிடம் இருக்கிற ஒரே பாசத்தைப் பிடுங்கிக்கொண்டது போலாகும். இல்லை என்று சொன்னால் மகனின் கழுத்து நாளைக்கும் அந்தக் கக்கத்தில்தான். அவள் குழாயைத் திறந்துவிட்டு, சுத்தமாக இருந்த பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினாள்.

மறுநாள் காலையில் பள்ளி வண்டி நிற்கும் முனைவரை மகனோடு நடந்து போனாள். வழக்கமாக அவன் தனியாகத்தான் போவான். இன்றைக்கு அம்மா எதற்கு வருகிறாள் என்று அவன் கேட்கவில்லை. அதுவே அவளை என்னவோ செய்தது. அவனுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வலிக்குமா என்று கேட்டாள். எது என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்சம் என்றான். காலால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

"அப்புறம் ஏன்டா சிரிக்கிற?"

"சிரிச்சா சீக்கிரம் விட்டுருவாரும்மா." கணக்குக்கு வழி சொல்லிக்கொடுப்பவன் போலத்தான் சொன்னான். அதில் வருத்தமே இல்லை. "சிரிக்கலன்னா, என்னடா கோச்சுக்கிட்டியான்னு திரும்பப் பிடிப்பாரு. நீயும் அதுக்குத்தானே சிரிக்கிற?"

வண்டி வந்துவிட்டது. பையைக் கழற்றிக் கொடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவனே உருவிக்கொண்டு ஏறினான். அவள் அங்கேயே நின்றாள். தான் சிரித்தது சந்தோஷத்தில்தான் என்று அடித்துச் சொல்லத் தொண்டைவரை வந்தது. கேட்க யாரும் இல்லை. நின்று யோசித்தபோது, அந்தப் பேச்சும் உண்மைதானா என்று தெரியவில்லை. கல்யாணமான புதிதில் அவர் அவள் மணிக்கட்டை முறுக்கி விளையாடுவார். எப்போது அது நின்றது, எப்படி நின்றது, யார் பிறந்தபிறகு நின்றது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அன்றைக்கு அலுவலகத்தில் ஒன்றையும் தட்டாமல் இரண்டையும் தட்டாமல் பொழுதை ஓட்டினாள். தாடி கேட்டதற்குத் தலைவலி என்றாள். ஒன்று மட்டும் முடிவாயிற்று. இனிமேல் சிரிப்பதில்லை. சண்டை வேண்டாம், அழ வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். சிரிக்காமல் நின்றால் போதும். மைதானத்தில் சுற்றி நின்றவர்களில் ஒரே ஒரு பிள்ளை சிரிக்காமல் இருந்திருந்தால்கூட அவள் குறிப்பு மாறியிருக்கும்.

சாயங்காலம் அவர் வந்தார். கை கழுவினார். நேற்றைய பேச்சை நினைத்து ஒரு கணம் தயங்கினார் என்றுதான் தோன்றியது. அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் மகன் தானாகவே எழுந்து அவர் பக்கம் வந்தான், சிரித்துக்கொண்டு. அவர் முகம் மலர்ந்துபோயிற்று. கழுத்தைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கினார். பார்த்தாயா, அவனாகத்தான் வருகிறான் என்று அவளிடம் சொன்னார். அவள் அடுக்களை வாசலில் நின்றாள். சிரிக்கவில்லை.

முதலில் அவர் கவனிக்கவில்லை. கவனித்தபின் சிரிப்பைக் கொஞ்சம் கூட்டினார். முட்டியால் மகன் தலையில் தேய்த்தார். அவள் அசையவில்லை. உங்கம்மா குறிப்பெடுக்கிறாடா என்றார். குரலில் எதுவோ இறுகிவிட்டது, கையும் கூடவே இறுகியது. இது விளையாட்டுத்தான் என்று காட்டுவதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. போதும், விடுங்கள் என்றாள் அவள். என்ன போதும், நாங்கள் விளையாடுகிறோம் என்றார் அவர். மகனின் காது சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சிரிப்பு மட்டும் விரிந்துகொண்டே போனது, மூன்று பேருக்கும் சேர்த்து அவன் ஒருவனே சிரிக்க வேண்டியிருந்தது. அவருடைய கைக்கு அடியிலிருந்து தலையைச் சிரமப்பட்டுத் திருப்பி, அவளைப் பார்த்தான்.

"அம்மா," என்றான், மூச்சு முட்ட. "சிரிம்மா."

அவள் சிரித்தாள்.

கை தளர்ந்தது. அவர் மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். மகன் திரும்ப வந்து தரையில் குப்புறப் படுத்தான். உருண்டுபோன பென்சிலை நாற்காலிக்கு அடியிலிருந்து துழாவி எடுத்து, நோட்டை நேராக வைத்து, விட்ட கணக்கிலிருந்து தொடங்கினான். ஒரு கையால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே எழுதினான். சிரிப்பு அவன் முகத்திலேயே இருந்தது, விளையாட்டு முடிந்துவிட்டதென்று அதற்கு யாரும் சொல்லாத மாதிரி.