அண்ணன் குரலில் ஒரு கோடு

குரலைப் பதிவு செய்து, கணினித் திரையில் கோடுகளாகப் பிரித்து, எந்தக் கோடு ஏறியிருக்கிறதோ அதற்கேற்ற ஓசையைக் கேட்க வைப்பது அவளுடைய வைத்தியம். தெருவில் பாதிப் பேர் 'குரலம்மா' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். மீதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவளை முழுசாக நம்பியவன் அண்ணன். காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவன். குரல் போனால் பிழைப்பே போச்சு. மூன்று மாதமாகத் தொண்டை கட்டியிருந்தது.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடேண்ணே."

"வீட்லயே வைத்தியரை வெச்சுக்கிட்டு எவனாவது வெளியே போவானா?"

அதைக் கேட்டு அவளுக்கும் உச்சி குளிர்ந்தது, பொய் சொல்வானேன். வாராவாரம் அவனைப் பதிவு செய்தாள். வாராவாரம் ஒரே இடத்தில் ஒரு கோடு ஓங்கி நின்றது. எத்தனை ஓசை கேட்க வைத்தும் அது இம்மியும் அசையவில்லை.

பன்னிரண்டாம் வாரம். பக்கத்து அறை ஃபிரிட்ஜைக் கழுவ நிறுத்தி வைத்திருந்தாள். அண்ணன் வழக்கம்போல மைக் முன்னால் உட்கார்ந்து இருபது வரை எண்ணினான். கோட்டைக் காணோம்! சந்தேகம் தட்டியது. ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டு, யாரையும் பேச விடாமல் பதிவு செய்தாள். கோடு வந்து நின்றது.

மூன்று மாதமாக அவள் வைத்தியம் பார்த்தது ஃபிரிட்ஜுக்கு.

வெட்கத்தோடு ஹெட்ஃபோனை மாட்டி, முதல் வாரப் பதிவையும் இன்றைய பதிவையும் கேட்டாள். திரையைப் பார்க்கவில்லை. அன்று இருபது வரை ஒரே மூச்சில் ஓடிய குரல், இன்று ஒன்பதிலேயே உடைந்து வெறும் காற்றானது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அண்ணே, நான் தப்பு பண்ணிட்டேன். இது என் கையில இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

நடந்ததைக் கேட்டு அண்ணன் கரகரவென்று சிரித்தான். "பரவால்ல விடு, ஃபிரிட்ஜாவது தேறிடுச்சா?" அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தொண்டை டாக்டர் பரிசோதித்துவிட்டு, பன்னிரண்டு பதிவுகளையும் பொறுமையாகக் கேட்டார். குரல் நாணில் சின்னக் கட்டி. "சரியான நேரத்துல வந்துட்டீங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்," என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு, பேசக்கூடாது என்று சொன்ன நாட்களை அண்ணன் கைஜாடையிலேயே ஓட்டினான். அதற்குள் அவள் வாசல் பலகையில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்.'

பேசலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அண்ணன் நேராக அவளிடம்தான் வந்தான். அவள் முதல் வேலையாக ஃபிரிட்ஜை நிறுத்தினாள். மைக்கை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அண்ணன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஃபிரிட்ஜைப் போடும்மா, பால் கெட்டுடும்."

மெல்லிய குரல். ஆனால் எங்கேயும் உடையவில்லை.